மூன்றரை லட்சம் கொடுத்தால் குழந்தை: லைசென்ஸ் உள்ள ஏஜென்ட் யாராவது உண்டா?

கேள்வி இதுதான்: "கோத்தகிரி பக்கம் இருக்கிறோம். கல்யாணமாகி ஒன்பது வருடம் ஆகிறது. மேட்டுப்பாளையத்தில் ஒரு அம்மா தத்து சேவை நடத்துவதாகச் சொல்கிறார். மொத்தம் மூன்றரை லட்சம், அதில் ஒரு லட்சம் அட்வான்ஸ். நாலு மாதத்தில் குழந்தை, பிறப்புச் சான்றிதழ் எங்கள் பெயரிலேயே வரும் என்கிறார். அவரிடம் லைசென்ஸ் இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? இல்லையென்றால் ஊட்டியில் லைசென்ஸ் உள்ள ஏஜென்ட் யாராவது இருக்கிறார்களா?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். அப்படி ஒருவர் இருக்க முடியாது. குழந்தை பார்த்துக் கொடுத்துப் பணம் வாங்குவதற்கு இந்தியாவில் லைசென்ஸ் என்ற ஒன்றே கிடையாது. வீடு, நிலம், கல்யாணம் எல்லாவற்றுக்கும் தரகர் இருப்பதால், இதற்கும் பதிவு பெற்ற தரகர் ஒருவர் இருப்பார், நல்லவராகப் பார்த்துப் பிடித்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அந்த நினைப்பை வைத்துத்தான் இந்த வியாபாரமே நடக்கிறது. அந்த அம்மா டிரஸ்ட் பதிவு, 80ஜி சான்று, ஜிஎஸ்டி எண் என்று எதைக் காட்டினாலும் அவற்றில் ஒன்றுகூடத் தத்து கொடுக்கும் அதிகாரத்தைத் தராது.

அனாதையான, கைவிடப்பட்ட அல்லது ஒப்படைக்கப்பட்ட குழந்தையைத் தத்து கொடுக்கும் வேலையை 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் சில கைகளில் மட்டுமே விட்டிருக்கிறது. குழந்தை தத்துக்குரியதுதான் என்று அறிவிப்பது மாவட்டக் குழந்தைகள் நலக் குழு. அந்தக் குழந்தையை வைத்துப் பராமரிப்பது, 41ஆம் பிரிவில் பதிவும் 65ஆம் பிரிவில் அங்கீகாரமும் பெற்ற சிறப்புத் தத்து நிறுவனம். யாருக்கு எந்தக் குழந்தை என்பது, தத்து விஷயங்களைக் கவனிக்கும் மத்திய அரசின் அமைப்பான டெல்லியில் உள்ள காரா (CARA) ஆணையத்தின் இணையதளத்தில், பதிவு மூப்பு வரிசைப்படி முடிவாகும். இறுதி ஆணையை மாவட்ட ஆட்சியர் பிறப்பிப்பார். முன்பு இது கோர்ட்டில் இருந்தது. 2021 திருத்தம் நடைமுறைக்கு வந்த 2022 செப்டம்பர் முதல் கலெக்டரிடம் வந்துவிட்டது. இந்த வரிசையில் ஏஜென்ட் உட்கார ஒரு நாற்காலிகூட இல்லை.

பணமே வாங்கக் கூடாது என்று சட்டம் சொல்லவில்லை. வாங்கலாம், ஆனால் தொகையும் வாங்குபவரும் முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கிறார்கள். 2022 தத்து ஒழுங்குமுறை விதிகளின்படி உங்கள் குடும்ப ஆய்வு அறிக்கைக்கு 6,000 ரூபாய். குழந்தையைப் பராமரித்த தத்து நிறுவனத்துக்கு 50,000 ரூபாய். தத்துக்குப் பின் இரண்டு ஆண்டுகள், ஆறு மாதத்துக்கு ஒருமுறை நடக்கும் நான்கு வீட்டுப் பார்வைகளுக்குத் தலா 2,000 ரூபாய். கூட்டிப் பாருங்கள், 64,000 வருகிறது. இதற்கு ரசீது உண்டு, தொகை அந்த நிறுவனத்தின் வங்கிக் கணக்குக்குப் போகும். பணம் கட்டும் முன் காரா தளத்தில் உள்ள கட்டண அட்டவணையை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். அங்கீகாரம் பெற்ற நிறுவனமே "கட்டட நிதிக்கு ஏதாவது செய்யுங்கள்" என்று கேட்டாலும் கொடுக்கக் கூடாது, அதுவும் விதிமீறல்தான்.

இப்போது அந்த அம்மா சொன்னதைப் பிரித்துப் பார்ப்போம். "பிறப்புச் சான்றிதழ் உங்கள் பெயரிலேயே வரும்" என்ற வாக்கியத்தில்தான் மொத்த ஆபத்தும் இருக்கிறது. தமிழ்நாட்டில் ஒரு பெண் கருவுற்றதும் கிராம சுகாதார செவிலியரிடம் பதிந்து 12 இலக்க பிக்மி எண் வாங்க வேண்டும். அந்த எண் இல்லாமல் குழந்தையின் பிறப்பைப் பதிய மாட்டார்கள். உங்கள் மனைவி கருவுறவில்லை, அவருக்கு எண் இல்லை. அப்படியானால் சான்றிதழ் எந்த வழியில் வரும்? ஒன்று, உங்கள் மனைவி கர்ப்பிணி என்று பொய்யாகப் பதிவு செய்ய வேண்டும். அல்லது, பெற்றெடுக்கப் போகும் பெண்ணை உங்கள் மனைவியின் பெயர், வயது, ஆதார் எண்ணோடு ஏதாவது ஒரு நர்சிங் ஹோமில் சேர்க்க வேண்டும். இரண்டாவது வழிதான் அதிகம். பிரசவத்தில் அந்தப் பெண்ணுக்கு ரத்தப்போக்கு ஏற்பட்டு ரத்தம் ஏற்ற வேண்டி வந்தால், கேஸ் ஷீட்டில் இருப்பது உங்கள் மனைவியின் பெயரும் முந்தைய மருத்துவ விவரமும். அவர் இறந்துபோனால், காகிதத்தில் இறந்தவர் உங்கள் மனைவி. ஒரு ஏழைப் பெண்ணின் உயிரைப் பணயம் வைத்துத்தான் அந்தச் சான்றிதழ் அச்சாகிறது.

நேர்வழியில் தத்தெடுத்தாலும் பிறப்புச் சான்றிதழில் பெற்றோர் இடத்தில் உங்கள் பெயர்தான் வரும். ஆட்சியரின் ஆணையைக் காட்டினால் பிறப்புப் பதிவாளர் அப்படியே தருவார். இதற்காக யாருக்கும் எதுவும் தர வேண்டியதில்லை. இது தெரியாததால்தான் பலர் "எங்கள் பெயரில் வரும்" என்ற ஒரு சொல்லுக்கு மயங்கி ஏமாறுகிறார்கள்.

அடுத்தது "பத்திரம்". 100 ரூபாய் முத்திரைத்தாளில், நோட்டரி முத்திரையோடு, பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: "1வது பார்ட்டி வறுமையின் காரணமாகத் தன் குழந்தையை வளர்க்க இயலாத நிலையில், 2வது பார்ட்டியிடம் மனப்பூர்வமாக ஒப்படைக்கிறார். மருத்துவச் செலவு வகையில் ரூபாய் இவ்வளவு பெற்றுக்கொண்டார். பிற்காலத்தில் எவ்வித உரிமையும் கோரமாட்டார்." கையெழுத்துப் போட்டவர்கள் இதை ஒரு பாதுகாப்பாக நினைத்து பீரோவில் பூட்டி வைக்கிறார்கள். போலீஸ் கையில் இது கிடைத்தால் வேறு சாட்சியே வேண்டாம். குழந்தை கைமாறியது, பணம் கைமாறியது, இரண்டையும் நீங்களே எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். நோட்டரி முத்திரை கையெழுத்து யாருடையது என்பதைத்தான் காட்டும், அதனால் ஒரு தத்து உண்டாகிவிடாது. "உரிமை கோரமாட்டார்" என்ற வரிக்கும் மதிப்பில்லை. ஒரு தாயின் உரிமை அப்படி எழுதி வாங்கக்கூடியது அல்ல.

தண்டனை இப்படி. சட்ட நடைமுறையைப் பின்பற்றாமல், அனாதையான, கைவிடப்பட்ட அல்லது ஒப்படைக்கப்பட்ட குழந்தையைத் தத்துக்காகக் கொடுக்க முன்வந்தாலோ, கொடுத்தாலோ, வாங்கினாலோ இளைஞர் நீதிச் சட்டத்தின் 80ஆம் பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் அபராதம், அல்லது இரண்டும். குழந்தையை எந்த நோக்கத்துக்காகவும் விற்றாலும் வாங்கினாலும் 81ஆம் பிரிவு: 5 ஆண்டு வரை கடுங்காவல், 1 லட்சம் அபராதம். குழந்தையைப் பொறுப்பில் வைத்திருப்பவர் செய்தால், ஆஸ்பத்திரி, நர்சிங் ஹோம் ஊழியர் உட்பட, குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு. "விற்பவர், வாங்குபவர்" என்று இரண்டு பேரையும் சட்டம் சேர்த்தே எழுதியிருப்பதைக் கவனியுங்கள். "எங்களுக்குத் தெரியாது, லைசென்ஸ் இருப்பதாகச் சொன்னார்" என்பது உங்களைக் காப்பாற்றாது. பதிவில்லாமல் குழந்தைகளை வைத்து விடுதியோ காப்பகமோ நடத்துவது 42ஆம் பிரிவில் தனிக் குற்றம்: 1 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சத்துக்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும். விண்ணப்பிக்கத் தாமதிக்கும் ஒவ்வொரு 30 நாளும் புதுக் குற்றமாகக் கணக்காகும். 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது. ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து பிறந்த குழந்தை கடத்தப்பட்டால், மற்ற நடவடிக்கைகளுக்கு முன்பாக அந்த ஆஸ்பத்திரியின் உரிமத்தை நிறுத்திவைக்க வேண்டும் என்று சொன்னது.

மலைப் பகுதிக்காரர்களுக்கு இது தொலைவான செய்தி அல்ல. 2019இல் ராசிபுரத்தில் ஓய்வுபெற்ற செவிலிய உதவியாளர் ஒருவர் நிறத்துக்கும் எடைக்கும் ஏற்றபடி குழந்தை விலை பேசிய ஒலிப்பதிவு வாட்ஸ்அப்பில் பரவியது. சிபிசிஐடி விசாரணை கொல்லிமலை வரை போனது. ரோடு குறைவு, கூலி குறைவு, கேள்வி கேட்க ஆள் குறைவு என்று இருக்கும் மலைக் கிராமங்களைத்தான் தரகர்கள் தேடி வருகிறார்கள். பந்தலூர், கூடலூர் எஸ்டேட் லைன்களிலும், கொடைக்கானல் மேல்மலை, கீழ்மலை ஊர்களிலும் அதே நிலைமைதான். கூடலூரிலிருந்து சுல்தான் பத்தேரிக்கோ குண்டல்பேட்டைக்கோ ஒரு பஸ் ஏறினால் மாநிலம் மாறிவிடும். "அங்கே சட்டம் வேறு, பிரச்சினை வராது" என்று சொல்வார்கள். இது மத்தியச் சட்டம், கேரளாவிலும் கர்நாடகாவிலும் இதே பிரிவுகள்தான்.

"இந்துக்களுக்குத் தனிச் சட்டம் இருக்கிறதே, அதில் நேரடியாக எடுக்கலாமே?" என்பது அடுத்து எழும் கேள்வி. உண்மைதான். 1956ஆம் ஆண்டின் இந்து தத்து மற்றும் ஜீவனாம்சச் சட்டப்படி பெற்றோரே தங்கள் குழந்தையை நேரடியாகத் தத்து கொடுக்கலாம். இளைஞர் நீதிச் சட்டத்தின் 56ஆம் பிரிவும் அதை விட்டுவைத்திருக்கிறது. ஆனால் நிபந்தனைகளைப் படியுங்கள். கொடுக்கக் கூடியவர்கள் அப்பா, அம்மா மட்டுமே. ஒருவர் கொடுக்க மற்றவர் சம்மதம் வேண்டும். பெற்றோர் இல்லாத நிலையில் பாதுகாவலர் கொடுப்பதானால் கோர்ட்டின் முன் அனுமதி கட்டாயம். தரகரோ டிரஸ்டோ தங்களைப் "பாதுகாவலர்" என்று எழுதிக்கொண்டால் செல்லாது. வழக்கம் வேறாக இல்லாவிட்டால் குழந்தைக்கு 15 வயது நிறைந்திருக்கக் கூடாது. ஏற்கெனவே மகன் இருப்பவர் இந்தச் சட்டத்தில் மகனைத் தத்தெடுக்க முடியாது, மகள் இருப்பவர் மகளை எடுக்க முடியாது. ஆண் பெண் குழந்தையையோ, பெண் ஆண் குழந்தையையோ எடுத்தால் இருவருக்கும் 21 வயது இடைவெளி வேண்டும். குழந்தையை உண்மையிலேயே கையில் கொடுத்து வாங்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக 17ஆம் பிரிவு: தத்துக்கு ஈடாக எந்தப் பணமும் பரிசும் வாங்கவோ கொடுக்கவோ கூடாது. மீறினால் 6 மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். "ஆஸ்பத்திரிச் செலவு மட்டும்தான்" என்பதற்கு அந்தப் பிரிவில் விலக்கு எதுவும் எழுதப்படவில்லை. பணமில்லாமல், தரகரில்லாமல், சொந்தபந்தத்துக்குள் நடக்கும் தத்துக்கு இது நல்ல சட்டம். பத்திரத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிடுங்கள். பதிந்த பத்திரம் இருந்தால் தத்து முறையாக நடந்ததாகவே கோர்ட் எடுத்துக்கொள்ளும், மறுப்பவர்தான் நிரூபிக்க வேண்டும்.

நீலகிரியில் இந்த இடத்தில் இன்னொரு பெரிய தவறு நடக்கிறது. அந்த 1956 சட்டத்தின் 2ஆம் பிரிவே, மத்திய அரசு தனியாக அறிவித்தால் ஒழிய, பழங்குடிகளுக்கு அது பொருந்தாது என்கிறது. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் எல்லாம் பட்டியல் பழங்குடியினர். பழனி மலையில் வாழும் பளியர், புலையர் என்ற இரு பிரிவினரில் பளியர் மட்டும் பழங்குடிப் பட்டியலில் இருப்பவர்கள். அவர்களிடமிருந்து "இந்து தத்துப் பத்திரம்" எழுதி வாங்கினால் அதற்குச் சட்ட அடிப்படையே இல்லை. படுகர்கள் பழங்குடிப் பட்டியலில் இல்லாததால் இந்துப் படுகர்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தும். கிறிஸ்தவர், முஸ்லிம்களுக்குப் பொருந்தாது. ஆனால் இளைஞர் நீதிச் சட்டம் எந்த மதத்தவருக்கும் திறந்திருக்கிறது, இதை உச்ச நீதிமன்றம் 2014இல் உறுதிசெய்தது. அண்ணன், அக்காள் பிள்ளையைத் தத்தெடுக்கவும் அதே சட்டத்தில் தனி வழி உண்டு. பெரியப்பா, சித்தப்பா, அத்தை, மாமா, பெரியம்மா, சித்தி, தாத்தா, பாட்டி என்ற உறவுகள் அதில் வரும்.

குழந்தையைக் கொடுக்கும் பக்கத்தையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் தரகர் முதலில் போய் நிற்பது அந்த வாசலில்தான். வளர்க்க முடியாத நிலையில் இருக்கும் தாய், குழந்தைகள் நலக் குழு முன் வந்து ஒப்படைக்கலாம். அது குற்றமாகாது. திருமணமாகாத பெண்ணாக இருந்தால் முடிந்தவரை குழுவின் பெண் உறுப்பினர் ஒருவர் முன்னிலையில், பெயர் வெளியே வராமல் நடக்கும். மனம் மாறினால் 2 மாதத்துக்குள் திரும்பப் பெறலாம். தரகரிடம் கொடுத்த தாய்க்கு அந்த 2 மாதம் கிடைப்பதில்லை. 1992இல் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் இன்னொரு வழி. கர்ப்பமான பெண்ணுக்கு 18 வயது ஆகவில்லை என்றால் குடும்பத்தினர் போக்சோ வழக்குக்குப் பயந்து தரகரிடம் ஓடுகிறார்கள். அந்தப் பயம் புரிகிறது. ஆனால் வழக்கு அந்தச் சிறுமியின் மேல் வராது. அவளைக் கெடுத்தவனைத்தான் தரகர் மறைத்துக் கொடுக்கிறார்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. காரா தளத்தில் உங்கள் பெயரைப் பதியுங்கள். கோத்தகிரி இ-சேவை மையத்திலேயே முடியும். குடும்பப் புகைப்படம், பான் கார்டு, இருவரின் பிறந்த தேதிச் சான்று, இருப்பிடச் சான்று, கடந்த ஆண்டின் வருமானச் சான்று, திருமணச் சான்று, தீராத தொற்று நோயோ உயிருக்கு ஆபத்தான நோயோ இல்லை என்ற டாக்டர் சான்று ஆகியவற்றை ஸ்கேன் செய்து கொண்டுபோங்கள். பதிந்த 30 நாளுக்குள் எல்லாவற்றையும் ஏற்றிவிட வேண்டும். இங்கே அடிக்கடி சறுக்குவது பெயர் எழுத்து: ஆதாரில் ஒரு இனிஷியல், பான் கார்டில் வேறொன்று. முதலில் அதைச் சரிசெய்யுங்கள். அடுத்து, தத்து நிறுவனத்திலிருந்தோ மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலிருந்தோ சமூகப் பணியாளர் 60 நாளுக்குள் வீட்டுக்கு வந்து ஆய்வு அறிக்கை எழுதுவார். வீடு சொந்தமா வாடகையா என்பதைவிட, நீங்கள் இருவரும் ஒரே மனதாக இருக்கிறீர்களா, வீட்டுப் பெரியவர்கள் என்ன சொல்கிறார்கள், குழந்தையிடம் உண்மையை எப்போது சொல்வீர்கள் என்பதைத்தான் அதிகம் கேட்பார். அறிக்கை 3 ஆண்டு செல்லும்.

வயதைக் கணக்குப் பாருங்கள். 2 வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தம்பதியின் கூட்டு வயது 85ஐத் தாண்டக் கூடாது. 2 முதல் 4 வயதுக் குழந்தைக்கு 90, 4 முதல் 8 வரை 100, அதற்கு மேல் 110. ஆவணங்கள் ஏற்றிப் பதிவு முடிந்த நாளில் உள்ள வயதுதான் கணக்கு. தரகரை நம்பிக் காத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் இந்த எண்ணைத்தான் தின்கிறது.

காத்திருப்பு நீளம்தான், மறைக்கவில்லை. நல்ல ஆரோக்கியமான சிறு குழந்தைக்கு மூன்று ஆண்டுக்கு மேல் ஆகிறது. கொஞ்சம் வளர்ந்த குழந்தை, உடன்பிறந்த இரண்டு பேர், மருத்துவக் கவனிப்பு தேவைப்படும் குழந்தை என்றால் சீக்கிரம் கிடைக்கும். வீட்டில் உட்கார்ந்து பேசி உண்மையிலேயே மனம் ஒப்பினால் மட்டும் அதைத் தேர்வு செய்யுங்கள், காலத்தை மிச்சப்படுத்த அல்ல. உங்கள் முறை வந்ததும் குழந்தையின் படம், மருத்துவ அறிக்கை தளத்தில் வரும். 48 மணி நேரத்துக்குள் உங்களுக்கென்று ஒதுக்கிக்கொள்ள வேண்டும், அதனால் பதிவில் கொடுத்த போன் நம்பரை மாற்றாதீர்கள். மலையில் சிக்னல் இல்லாமல் அந்தக் குறுஞ்செய்தியைத் தவறவிட வாய்ப்பு அதிகம். மெயிலையும் தினம் பாருங்கள். பிறகு நிறுவனத்துக்கு நேரில் போய்க் குழந்தையைப் பார்த்து, வேண்டுமானால் உங்கள் டாக்டரிடமும் காட்டி ஏற்றுக்கொள்ளலாம். ஆட்சியர் ஆணை வரும் வரை வளர்ப்புப் பராமரிப்பில் குழந்தை உங்கள் வீட்டிலேயே இருக்கும்.

யாராவது தங்களைத் தத்து நிறுவனம் என்று சொன்னால் சோதிப்பது எளிது. காரா தளத்தில் தமிழ்நாட்டுப் பட்டியலில் அந்தப் பெயர் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் ஊட்டியில் உள்ள மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கேளுங்கள். கொடைக்கானல், தாண்டிக்குடி பக்கத்தவர்கள் திண்டுக்கல்லில் கேட்க வேண்டும்.

அட்வான்ஸ் கொடுத்துவிட்டிருந்தால், மேற்கொண்டு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். சட்டவிரோத ஒப்பந்தம் என்பதால் அந்தப் பணத்தைக் கோர்ட்டில் கேட்டு வாங்குவது கடினம், போனதாக வைத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப் உரையாடல், போன் நம்பர், ஜிபே விவரம் எதையும் அழிக்காமல் ஒரு வக்கீலைப் பார்த்துவிட்டு 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கோ பாதுகாப்பு அலகுக்கோ சொல்லுங்கள். குழந்தையே ஏற்கெனவே வீட்டுக்கு வந்துவிட்டது என்றால், வக்கீலோடு குழந்தைகள் நலக் குழு முன் போவது ஒன்றே வழி. குழந்தையை உங்களிடமிருந்து எடுத்துக் காப்பகத்தில் வைப்பார்கள், திரும்ப உங்களுக்கே தருவார்கள் என்ற உறுதி கிடையாது. இதைச் சொல்லவே கஷ்டமாக இருக்கிறது. ஆனால் பள்ளியில் சேர்த்து ஐந்தாறு வருடம் கழித்து, பங்காளிகளில் ஒருவர் சொத்துக்காகப் புகார் கொடுக்கும் நாளில் அதே பிரிதல் நடந்தால், அப்போது உங்களை அப்பா அம்மா என்று அழைக்கத் தெரிந்த குழந்தை போலீஸ் ஜீப்பில் ஏறும்.

அந்த அம்மா உங்களுக்கு அனுப்பிய குழந்தைப் படத்தை யாருக்கும் பார்வர்டு செய்ய வேண்டாம், எச்சரிக்கைக்காகக்கூட. அப்படிப்பட்ட குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவது இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவில் குற்றம். புகார் கொடுக்கும் இடத்தில் மட்டும் போனைக் காட்டுங்கள்.